பட்டதாரிப் பெண்ணுக்கு விரைவுத் தாதிப் படிப்பு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மல்லியும் மிளகாயும் நிறுத்துக் கொடுக்கிற கடைக்காரன் தாதிப் படிப்பைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சங்கத்து அன்பர்கள் சிரிக்கக்கூடும். நமது படிப்போ மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். ஆயினும் சென்ற மூன்று மாத காலமாகத் தெமியாங்கிலுள்ள நமது கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கொள்முதல் ரசீதுகளைக் காட்டிலும் காலேஜ்களின் வழவழப்பான தாள்களே உயரமாய்க் குவிந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு, நாம் கற்றுக்கொண்ட பாடத்தை இங்கே எழுதுகிறோம். நம்மவர் வீடுகளில் இப்போது பட்டம் வாங்கிய பெண்பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நாளைக்கு இதே கேள்வியோடு தன் தகப்பனார் முன்னால் வந்து நிற்கக்கூடும்.

விஷயம் இதுதான். நமது தங்கை மகளுக்கு இருபத்து நான்கு வயது. உயிரியலில் பட்டம் வாங்கி, நீலாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து வந்தாள். சென்ற வருடம் நமது தாயார் பக்கவாதத்தில் விழுந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் கிடந்தார்கள். இரவுக் காவலுக்கு இவள்தான் போய் இருந்தாள். அங்கே ஒரு மிஸ்ஸி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், புரட்டும்போது முதுகையும் இடுப்பெலும்பையும் உற்றுப் பார்ப்பதும், சிவந்த இடம் கண்டால் உடனே குறித்துக்கொள்வதுமாக இருந்தாராம். எதற்கு இவ்வளவு என்று இவள் கேட்க, ஒரே பக்கமாய்க் கிடந்தால் எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகிவிடும், படுக்கைப் புண் வந்தபின் ஆற்றுவதைவிட வராமல் காப்பதே வேலை என்று அவர் சொன்னார். நாற்பத்தொரு நாளும் தாயார் முதுகில் ஒரு புண் கிடையாது. வீட்டுக்கு வந்த மறுவாரமே இவள் நமது கடைக்கு வந்து, “மாமு, நான் மிஸ்ஸி வேலைக்குப் படிக்கப் போகிறேன், அத்தாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று உட்கார்ந்துவிட்டாள்.

மச்சானிடம் சொன்னோம். “பட்டம் வாங்கிய பிள்ளை அடுத்தவன் படுக்கைச் சட்டி எடுப்பதா?” என்றார். அகழ்ப் போரில் காயம்பட்ட சஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலருகே ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துச் சிகிச்சை செய்யப்பட்டதையும், உம்மு அத்தியா (ரலி) அம்மையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு ஏழு போர்களுக்குச் சென்று காயம்பட்டோருக்கு மருந்திட்டுப் பிணியாளரைக் கவனித்ததையும் எடுத்துச் சொன்னோம். மச்சான் வாயை மூடிக்கொண்டார். பணக் கணக்கு வந்ததும் திரும்பத் திறந்தார். அதைப் பின்னால் சொல்கிறோம்.

நமது நாட்டில் பதிவு பெற்ற தாதியாவதற்கு வழக்கமான வழி இரண்டு. ஒன்று மூன்று வருட டிப்ளோமா. மற்றொன்று நான்கு வருடப் பட்டப் படிப்பு. எதைப் படித்தாலும் 1950-ஆம் வருடத்துத் தாதியர் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். வருடா வருடம் தொழில் செய்யும் சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும். இவளோ முன்னமே ஒரு பட்டத்துக்கு வருடங்களைக் கொடுத்தவள். இன்னும் நான்கு வருடம் என்றால் இருபத்தெட்டு வயதாகிவிடும் என்று தங்கைக்குக் கவலை. அந்தச் சமயத்தில்தான் ஏஜெண்டு ஒருவர் வீடு தேடி வந்தார். “உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே டிகிரி இருக்கிறது. வெளிநாட்டில் ஒன்றரை வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம், நர்ஸ் ஆகிவிடலாம்” என்றார். கையில் ஐந்தாறு தாள்கள் வைத்திருந்தார். எல்லாத் தாளிலும் சிரித்த முகங்கள்.

இந்த விரைவுப் படிப்பு ஏஜெண்டு கட்டிவிட்ட கதை என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையான சங்கதிதான், பழமையும் உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது தாதியர் போதாமல் போய், 1918-ஆம் வருடத்துக் கோடையில் அமெரிக்காவின் வாஸார் கல்லூரியில் பட்டதாரிப் பெண்கள் நானூறு பேருக்கு மேல் கூட்டிப் பன்னிரண்டு வாரம் பாடம் சொல்லிக்கொடுத்து, மிச்சப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். பட்டதாரி என்பதால் பயிற்சிக் காலத்தில் குறைத்துக் கொடுத்தார்கள். பிற்பாடு 1971-இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே விரைவுத் தாதிப் பட்டத்தைத் தொடங்கிற்று. 1974-இல் யேல் பல்கலைக்கழகம், தாதி அல்லாத பட்டதாரிகளைச் சேர்த்து மேற்பட்டம் வரை கொண்டு செல்லும் மூன்று வருடத் திட்டத்தை ஏற்படுத்தியது. இப்போது அமெரிக்காவில் விரைவுப் பட்டம் 11 மாதத்திலிருந்து 18 மாதம் வரை. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பெரும்பாலும் இரண்டு வருடம். சிங்கப்பூரிலும் வேறு வேலை பார்த்தவர்களைத் தாதியாக மாற்றும் இரண்டு வருடத் திட்டம் உண்டு. அது அந்நாட்டவரை முன்னிட்டு அமைந்தது. ஆகவே நமது பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை என்று முதலிலேயே தள்ளிவைத்தோம்.

நான்கு வருடத்தை இரண்டாக எப்படிக் குறைக்கிறார்கள்? இதைத்தான் நாம் முதலில் கேட்டோம். நான்கு வருடச் சரக்கை இரண்டு வருட விலைக்குத் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், எடையில் எங்கே கை வைத்தான் என்று பார்ப்பதுதானே வியாபாரிக்கு வழக்கம்.

பிரியாணி போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெங்காயத்தை முதல் நாளே பொரித்து வைக்கலாம். இறைச்சியை மசாலாவில் ஊறப் போடலாம். அரிசியைக் களைந்து தயாராக வைக்கலாம். இவையெல்லாம் முன்னமே முடிந்திருந்தால் விருந்தன்று நேரம் மிச்சம். ஆனால் தம் போடுகிற நேரத்தை எவராலும் குறைக்க முடியாது. தாதிப் படிப்பிலும் அப்படியே. உடற்கூறு, உயிரியல், புள்ளிக்கணக்கு போன்றவற்றை முந்திய பட்டத்திலேயே படித்திருந்தால் அவற்றைக் கழித்துக்கொள்கிறார்கள். நோயாளியின் கட்டிலருகே நிற்க வேண்டிய மணி நேரத்தில் அப்படி எளிதில் கை வைக்க முடிவதில்லை. இங்கிலாந்தில் தாதி, மருத்துவச்சி மன்றத்தின் 2018-ஆம் வருட விதிகளின்படி மொத்தப் படிப்பு 4,600 மணி நேரம். பாதி பாடம், பாதி பயிற்சி, அதாவது 2,300 மணி நேரம் பயிற்சி. முன் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து, பாடத்திட்டத்தோடு பொருந்துகிற அளவுக்கு, அதிகபட்சம் பாதி வரை கழித்துக்கொள்ள இடம் உண்டு. உயிரியல் படித்தவளுக்கும் வரலாறு படித்தவனுக்கும் ஒரே கழிவு கிடைக்குமா என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தைத்தான் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பதிவுக்குரிய படிப்பில் குறைந்தது 800 மணி நேரம் ஆஸ்பத்திரி முதலிய இடங்களில் நேர்ப் பயிற்சி இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு வருடப் படிப்புக்கும் அதே அளவுதான்.

2,300 எங்கே, 800 எங்கே, அப்படியானால் இங்கிலாந்துப் படிப்புதான் உயர்த்தி என்று மச்சான் சொன்னார். அப்படித் தராசில் வைத்துவிட முடியாது. 800 என்பது அதற்குக் கீழே போகக்கூடாது என்கிற கோடு. அதற்கு மேல் கொடுக்கிற பல்கலைக்கழகங்களும் உண்டு. இங்கிலாந்துக் கணக்கிலோ 2023 முதல் 600 மணி நேரம் வரை பொம்மையை வைத்தும் பாவனையாகவும் செய்கிற பயிற்சி சேரலாம். எத்தனை மணி நேரம், எந்த ஆஸ்பத்திரியில், எந்தெந்த வார்டில், இரவு வேலையும் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏஜெண்டு கொடுத்த தாள்களில் இரண்டில் இந்த விவரமே கிடையாது. நீச்சல் குளத்தின் படம் மட்டும் இருந்தது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து நிதானமாகப் படிக்கவும். நமது வீட்டில் ஏறக்குறைய ஏமாந்தது இந்த இடத்தில்தான். “தாதித் துறை முதுநிலைப் பட்டம்” என்று போட்டிருந்தால் அது படித்துத் தாதியாகிற பட்டம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அப்படியில்லை. ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, தாதியல்லாத பட்டதாரியைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுகிற படிப்பு. மற்றொன்று, ஏற்கெனவே பதிவு பெற்ற தாதி மேலும் படிப்பதற்கு. இரண்டாவதை நமது பிள்ளை முடித்தால் கையில் பட்டம் இருக்கும், ஊசி போடும் உரிமை இருக்காது. சில இடங்களில் அதற்குச் சேர்ப்பதே இல்லை. சில இடங்களில் ஆராய்ச்சி, நிர்வாகம் என்ற பெயரில் யாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏஜெண்டின் தாள்களில் ஒன்று இந்த இரண்டாம் வகை. பொடி எழுத்தில் “இப்படிப்பு பதிவுக்கு வழிசெய்யாது” என்று போட்டிருந்ததை அந்தப் பிள்ளைதான் கண்டுபிடித்தாள். நமக்கு இங்கிலீஷும் போதாது, கண்ணாடியும் போதாது. ஆஸ்திரேலியாவில் பதிவுக்கு அங்கீகாரமான படிப்புகளின் பட்டியலை அந்நாட்டுத் தாதியர் வாரியம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. இங்கிலாந்திலும் மன்றமே அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அந்தந்த மாநில வாரியத்தின் அனுமதியோடு, தாதிப் படிப்புகளைத் தரம் பார்க்கும் அமைப்புகளின் அங்கீகாரமும் உண்டா என்று பார்க்க வேண்டும். தாளை மூடிவைத்துவிட்டுப் பட்டியலைப் பார்க்கவும். படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. அங்கே சேரும்போதே பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு உள்ளோர் என்று நான்கு. எந்தப் பிரிவில் படித்தாளோ அந்தப் பிரிவுத் தாதியாகத்தான் பதிவு. நம் நாட்டிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பொதுத் தாதியாகப் பயிற்சி. மனநலப் பிரிவில் இடம் எளிதாகக் கிடைக்கிறது என்று ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டு, பிறகு ஊருக்கு வந்து பொது வார்டில் வேலை கேட்டால், நமது வாரியம் என்ன சொல்லும்? போவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

இவ்விடத்தில் நமது சொந்தக் கதை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சில வருடங்களுக்கு முன் நமது மூத்த பையனை மருந்துக் கடை சம்பந்தமான ஒரு படிப்பில் சேர்க்க முன்பணமாக நாலாயிரம் வெள்ளி கட்டினோம். எங்கே கட்டினோம் என்பது இங்கே வேண்டாம். “வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்” என்றார்கள். ஜும்ஆவுக்குப் போகும் வழியில் கட்டிவிட்டுப் போனோம். ஒரு மாதம் கழித்துத்தான் அந்தப் படிப்புக்கு உரிய அனுமதி இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. பணம் திரும்பவில்லை. ரசீதின் பின்பக்கத்தில் திருப்பித் தரப்படமாட்டாது என்று அச்சடித்திருந்தார்கள். முப்பது வருடமாக மூட்டையைக் குத்திப் பார்க்காமல் சரக்கு எடுக்காத நாம், பிள்ளை விஷயத்தில் கேட்காமல் கொடுத்தோம். அந்த ரசீதை இன்னும் பேரேட்டுக்குள் வைத்திருக்கிறோம். இந்தத் தடவை ஏஜெண்டு “வெள்ளிக்கிழமைக்குள்” என்று வாயெடுத்ததும் அதை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டோம்.

பிறகு மச்சானும் நாமும் பேரேட்டை விரித்து உட்கார்ந்தோம். தாளில் ஒரு வருடக் கட்டணம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். நாம் பார்த்த ஆஸ்திரேலியத் தாள்களில் அது வருடத்துக்கு 35,000 டாலரிலிருந்து 50,000 டாலர் வரை இருந்தது. அதை இரண்டால் பெருக்கினால் போதும் என்று மச்சான் எண்ணினார். அந்நாட்டு மாணவர் விசாவுக்கு மட்டும் 2025 ஜூலை முதல் 2,000 டாலர். அதுவும் மறுக்கப்பட்டால் திரும்பாத பணம். ஒரு வருடச் சாப்பாடு, வாடகைக்கென்று 29,710 டாலர் கையிருப்பு உண்டு என்று காட்டும்படி 2024 மே மாதத்தில் விதி செய்திருந்தார்கள். ஆரோக்கிய இன்சூரன்ஸ் தனி. பயிற்சி ஆஸ்பத்திரி பட்டணத்தில் இல்லாமல் தொலைவில் விழுந்தால் அங்கேயொரு அறை, இங்கேயொரு அறை என்று இரட்டை வாடகை. தடுப்பூசி, சீருடை, போலீஸ் நற்சான்று. இவ்வளவுக்கும் நமது வெள்ளியைக் கொடுத்து டாலர் வாங்குகிற நஷ்டம் வேறு. எல்லாவற்றையும் எழுதி முடித்தபோது மச்சான் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டார்.

“படித்துக்கொண்டே சம்பாதித்துக்கொள்ளலாம்” என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். விதி அப்படித்தான் இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் விரைவுப் படிப்பில் மணி நேரம் எங்கே இருக்கிறது? விடுமுறையைச் சுருக்கித்தான் வருடத்தைக் குறைக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் வார்டில் முறைவேலை, மற்ற நாளில் பாடம். அந்த வார்டு வேலைக்குச் சம்பளமும் கிடையாது. 2025 ஜூலையில் அங்கே பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை ஒன்று ஆரம்பித்தார்கள். அதுவும் உள்நாட்டு மாணவருக்குத்தான். அமெரிக்காவில் பல பள்ளிகள் இப்படிப்பின் காலத்தில் வேலைக்குப் போகவேண்டாம் என்று நேராகவே சொல்கின்றன. பகுதி நேரச் சம்பாத்தியத்தை நம்பிக் கணக்குப் போட்டால், ஆறாம் மாதத்தில் பிள்ளை படிப்பையோ சாப்பாட்டையோ குறைப்பாள். எதைக் குறைக்கிறாள் என்று நமக்குச் சொல்லவும் மாட்டாள்.

கடன் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம், வட்டிக்கு அஞ்சுகிறவர்கள் நம்மில் பலர் இருப்பதால். நம் நாட்டுக் காலேஜில் சேர்ந்தால் பி.டி.பி.டி.என். கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 2008 முதல் அது வட்டியாக இல்லாமல் ஒரு சதவிகித உஜ்ரா என்ற சேவைக் கட்டணமாக அமைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். வெளிநாட்டுக்கு என்றால் சொந்தக் கைப்பணம், அல்லது பாங்கு. மச்சான் கடைக்கட்டடத்தை வைத்துப் பணம் எடுக்கத் தயாராக இருந்தார். தங்கை அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள்.

அமெரிக்கா முதலில் கழன்றது. அங்கே படிப்பு சுருக்கம்தான். ஆனால் உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல், புள்ளிக்கணக்கு முதலியவற்றை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும், அதுவும் பல இடங்களில் சமீப வருடங்களில் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கே முதலில் கொஞ்ச காலம் போகும். பன்னிரண்டு மாதம் என்பது சுவரில் ஒட்டிய விலைதான். முடித்தபின் என்கிளெக்ஸ் என்ற பரீட்சை. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் தடவையே எத்தனை பேர் தேறினார்கள் என்று மாநில வாரியங்கள் கணக்கு வெளியிடுகின்றன. நல்ல வழக்கம். ஆனால் அந்தக் கணக்கில் பரீட்சை எழுதியவர்கள் மட்டுமே வருவார்கள். நூறு பேர் சேர்ந்து, முப்பது பேர் பாதியில் நின்று, எழுபது பேர் எழுதி எல்லோரும் தேறினால் அதுவும் நூற்றுக்கு நூறு என்றுதான் வரும். அழுகினதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்ச வெங்காயத்தைக் காட்டி விலை சொல்வது நமக்குத் தெரியாததா? சேர்ந்தவர் எத்தனை, குறித்த காலத்தில் முடித்தவர் எத்தனை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இதை எந்த நாட்டுப் பள்ளியிடமும் கேட்கலாம். விரைவுப் படிப்பில் ஒரு பாடம் தவறினால் அந்தப் பாடம் மறுபடி வர ஒரு வருடம் காக்க நேரலாம்; வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வருடத்துக்கும் விசா, வாடகை எல்லாம் உண்டு.

உடை விஷயம் கேட்டுத் தங்கை தயங்கித் தயங்கி ஒரு நாள் பேசினாள். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் தூடோங் அணிந்த மிஸ்ஸிமார்களைத் தினமும் பார்க்கிறோம். இங்கிலாந்தில் தலையை மூடிக்கொள்ளத் தடையில்லை. ஆனால் 2007-இல் வந்த சுகாதார விதியின்படி நோயாளியைத் தொடும் வேலையில் முழங்கைக்குக் கீழ் கை திறந்திருக்க வேண்டும். கிருமி பரவாமல் கை கழுவுவதற்காக. முஸ்லிம் பெண்கள் கேட்டதன்பேரில் பிற்பாடு, ஒரு தடவை போட்டு எறிந்துவிடும் சட்டைக்கைக்கு வழிகாட்டுதலில் இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் இதை எப்படி நடத்துகிறது என்று முன்னமே கேட்டுத் தெரிந்துகொள்வது பிள்ளைக்கு நல்லது. முதல் நாள் வார்டில் நின்று வாதாடுவது யாருக்கும் நன்றாயிராது.

இப்படியாக இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஊரிலேயே நான்கு வருடம் என்று மூன்று மிஞ்சின. ஊரில் என்றால் தூரம் போக வேண்டியதில்லை. நீலாயிலேயே கே.பி.ஜே. சுகாதாரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1991-இல் தாதியர் கல்லூரியாக ஆரம்பித்து வளர்ந்தது. நீலாய்ப் பல்கலைக்கழகத்திலும் தாதிப் படிப்பு உண்டு. வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை. உயிரியல் பாடங்களில் எதையாவது கழித்துக் கொடுப்பார்களா, அதற்கு வாரியம் சம்மதிக்குமா என்பதைக் கேட்க வேண்டும்.

கணக்கை இரண்டு பத்தியாக எழுதினோம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வருடத்தில் முடித்து, அங்கேயே பல வருடம் வேலை பார்த்தால், சம்பளம் டாலரில் வருவதால் போட்ட முதல் திரும்பும். இரண்டு வருடம் முந்தியே சம்பாதிக்கத் தொடங்குவதும் லாபம். முடித்த கையோடு ஊர் திரும்பினால், டாலரில் செலவழித்து வெள்ளியில் சம்பளம் வாங்குவதாகும். அந்த முதலை நம் நாட்டுத் தாதிச் சம்பளத்தில் எடுப்பதற்குள் அவளுக்கு நாற்பது வயதாகிவிடும். மச்சான் ஒரு பத்தியையும் நாம் ஒரு பத்தியையும் பிடித்துக்கொண்டு இஷாவுக்குப் பாங்கு சொல்லுகிற வரை வழக்காடினோம். அப்போதுதான் நமக்கு உறைத்தது: இவ்வளவு தாள் புரட்டியவர்களில் ஒருவரும் அந்தப் பிள்ளையிடம் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது.

கூப்பிட்டுக் கேட்டோம். “அம்மா, பத்து வருடம் கழித்து நீ எந்த ஊரில் வேலை பார்ப்பதாக நினைத்திருக்கிறாய்?”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. “மாமு, நன்னி கிடந்த அந்த வார்டு மாதிரி ஓர் இடத்தில்” என்றாள். “வெளிநாட்டில் படித்தால் சீக்கிரம் இங்கே வந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.”

மச்சான் பேரேட்டைப் பார்த்தார். நாமும் பார்த்தோம். பிள்ளை ஊருக்கு வரத்தான் அவசரப்படுகிறாள். நாமோ அவள் அங்கேயே இருந்து சம்பாதிப்பதாக வைத்துப் பாதிக் கணக்கைப் போட்டிருந்தோம். ஊருக்கு வருவது என்றால், முதலாவதாகச் சம்மதம் சொல்ல வேண்டியது எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் இல்லை, புத்ராஜெயாவிலிருக்கிற நமது தாதியர் வாரியம்தான். இரண்டு வருட விரைவுப் படிப்பு முடித்து வருகிறவளைப் பதிவேட்டில் ஏற்பார்களா, பரீட்சை எழுதச் சொல்வார்களா, கூடுதலாக வார்டுப் பயிற்சி கேட்பார்களா? இதற்கு எழுத்தில் பதில் இல்லாமல் ஒரு வெள்ளியும் கட்டுவதில்லை என்று அன்றிரவு முடிவாயிற்று.

மறுநாள் கடை திறந்ததும் அவளே கல்லாப்பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்று வாரியத்துக்கு: இன்ன பல்கலைக்கழகம், இன்ன படிப்பு, இத்தனை மாதம், இத்தனை மணி நேரப் பயிற்சி, இதை முடித்து வந்தால் பதிவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று. மற்றொன்று நீலாய்க்கு: தன் உயிரியல் மதிப்பெண் பட்டியலை வைத்து எந்தெந்தப் பாடத்தைக் கழிக்க முடியும், நான்கு வருடத்தில் எவ்வளவு குறையும் என்று. பாடத்திட்ட நகலையும் சேர்த்து அனுப்பினாள். வெறும் பட்டத்தின் பெயரைப் பார்த்து எவரும் கழித்துத் தரமாட்டார்கள், என்ன பாடம் எத்தனை மணி நேரம் படித்தாள் என்று காட்ட வேண்டும்.

ஏஜெண்டு வெள்ளிக்கிழமை காலையில் மூன்று தடவை போன் செய்தார், அஸருக்குப் பின் நேரிலேயே வந்தார். வாரியத்தின் பதில் வரட்டும் என்றோம். அடுத்த சேர்க்கைக்கு ஆறு மாதம் ஆகும் என்றார். ஆகட்டும் என்றோம். பிள்ளைக்கு முகம் வாடித்தான் போயிற்று, மறைக்கவில்லை. ஏஜெண்டுக்கு ஒரு தே தாரிக் வரவழைத்துக் கொடுத்தோம். குடித்துவிட்டு, தாள்களை மட்டும் வைத்துவிட்டுப் போனார். அவள் இப்போது பகலில் சோதனைக்கூட வேலைக்குப் போய்விட்டு, மாலையில் உடற்கூற்றுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நன்னியின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள்.